‘மழை வரட்டும், பாத்துக்கலாம்’ என்கிற மனசு: மதுரை வீடுகளுக்கான பேரிடர்த் தயாரிப்பு வழிகாட்டி

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறே நாள். மத்தியானம் மூன்று மணிவாக்கில் மதுரையில் வானம் கறுத்துக் கொட்ட ஆரம்பித்தது. அன்று ஒரு நாளில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதில் கால் மணி நேரத்தில் மட்டும் நாலரை சென்டிமீட்டர் என்று பிறகு அரசு சொன்னது. செல்லூர்ப் பக்கம் எங்கள் தெருவில் நான் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அண்ணன் அவர் வாசலில். மூன்றாவது வீட்டுத் தம்பி அவன் வாசலில். தெருத் தண்ணீர் வண்டிச் சக்கரத்தின் பாதியைத் தொட்டபோது நான் அண்ணனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். சைலன்சருக்குள் தண்ணீர் போன பிறகுதான் ஓடினோம். அதற்குள் தண்ணீர் நிலைப்படி தாண்டி உள்ளே வந்து, பீரோவின் அடித்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரம் அப்பளம் மாதிரி ஊறிப்போனது.

வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அதற்குப் பத்து மாதம் முன்னால், 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. அப்போது மதுரையிலிருந்து ரொட்டி, பிஸ்கட், போர்வை என்று மூட்டை கட்டி வேனில் கொண்டுபோன கூட்டத்தில் நானும் இருந்தேன். “முக்கியமான பேப்பரையெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல வைக்கணும்க்கா” என்று அங்கே ஒரு வீட்டில் புத்தி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை நகரவில்லை. என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். அந்தப் பட்டியல் ஏன் பட்டியலாகவே கிடக்கிறது, நம் மனசு எந்தெந்த இடத்தில் கால் இடறுகிறது, அங்கே என்ன செய்தால் அடுத்த அடி வைக்க முடியும் என்பதுதான் இந்த வழிகாட்டி. பத்திரம் ஊறிய பிறகு படித்தும், எங்கள் தெருவில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டது.

முதல் படி: உங்கள் வீட்டுக்கு எது வரும்? ஒரே வரியில் எழுதுங்கள்

பேரிடர் என்றதும் மதுரைக்காரர் வாயில் முதலில் வருவது சுனாமி, அடுத்து பூகம்பம். கடல் நமக்கு வெகுதூரம். பூகம்ப வாய்ப்பும் நாட்டின் மற்ற பல பகுதிகளைவிடக் குறைவு. ஆனால் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தது அதைத்தானே. ஞாபகத்தில் சட்டென்று எது வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கும் என்று மனசு கணக்குப் போடும். ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற ரெண்டு உளவியலாளர்கள் 1973இலேயே இதை எழுதிவிட்டார்கள். இதனால் ரெண்டு நஷ்டம்: வராததற்குப் பயப்படுகிறோம், வருவதைக் கவனிக்காமல் விடுகிறோம்.

மதுரைக்கும் சுற்றுப்பட்டுக்கும் உண்மையில் வருபவை வேறு. கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து, அடைபட்ட வாய்க்கால் தெருவுக்குள் வழிவது. வைகையில் திறந்துவிடும் அணைத் தண்ணீர். மழையில் ஊறிய பழைய சுவர் சாய்வது. வயக்காட்டில் இடி. அப்புறம் வெயில். வருஷா வருஷம் வருவதாலேயே வெயிலை யாரும் பேரிடர் என்று சொல்வதில்லை. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் பட்டியலில் சேர்த்தது எத்தனை பேருக்குத் தெரியும்? பழகிப்போனது ஆபத்தாகத் தெரியாது என்பதற்கு சித்திரை மாதத்து மதுரையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்தக் கட்டுரையில் நான் மழைத் தண்ணீரைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. தெருவிலேயே வயதானவரிடம் போய் “இங்க தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேளுங்கள். தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், ஆலங்குளம், உலகனேரி. பஸ்ஸில் கண்டக்டர் கத்தும்போது ஊர்ப்பெயராகத்தான் கேட்கிறது. குளமும் ஏரியும் பெயரிலேயே உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீருக்குத் தன் பழைய விலாசம் மறப்பதில்லை.

கேட்டதை ஒரே வரியில் எழுதுங்கள். எங்கள் வீட்டு வரி இது: “ஒரு மணி நேரம் பேய்மழை பெய்தால் வாய்க்கால் வழிந்து முழங்கால் தண்ணீர் உள்ளே வரும்.” அவ்வளவுதான். மலைப்பக்கக் கிராமத்துக்கும் ஆற்றோரத் தெருவுக்கும் மாடி வீட்டுக்கும் வரி வேறுவேறாக இருக்கும்.

இன்னொன்று. தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மனுஷ ஞாபகம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரைதான். 1993இல் வைகையில் வந்த வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அன்றைய மட்டம் எது என்று கேட்டால் ஒருவர் இடுப்பைக் காட்டுவார், இன்னொருவர் நெஞ்சைக் காட்டுவார். கோடு இருந்தால் சண்டை இல்லை.

இரண்டாம் படி: ‘நமக்கு வராது’ என்பதோடு வாதாடாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள்

நீல் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார். நல்லது நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தங்களுக்கு அதிகம் என்றும், கெட்டது நடக்கும் வாய்ப்பு தங்களுக்குக் குறைவு என்றும் பெரும்பாலோர் நினைத்தார்கள். எல்லோரும் சராசரியைவிட அதிர்ஷ்டசாலியாக இருக்க முடியாதே! ஆனாலும் இந்த நினைப்பை முட்டாள்தனம் என்று தள்ளிவிட மாட்டேன். இது இல்லாவிட்டால் நாம் காலையில் ஷேர் ஆட்டோவிலேயே ஏற மாட்டோம். அதனால் நினைப்பை அடித்து விரட்டப் பார்க்காமல், கேட்கிற கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

“இந்த வருஷம் வெள்ளம் வருமா?” என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ‘வராது’தான். “இந்த வீட்டில் இருக்கப்போகிற 30 வருஷத்தில் ஒரு தடவையாவது வருமா?” என்று கேளுங்கள். ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம்கூட, முப்பது வருஷத்தில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று. வீட்டுக் கடனே இருபது வருஷம் கட்டுகிறோம், அந்தக் கணக்கில் இதையும் பார்க்கலாம். ‘நூறு வருஷத்து வெள்ளம்’ என்ற பேச்சில் ஒரு மயக்கமும் இருக்கிறது. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த 99 வருஷம் விடுமுறை என்று நினைத்துக்கொள்கிறோம். மழைக்கு அப்படி ஒரு ரிஜிஸ்டர் கிடையாது.

தப்பித்த அனுபவமும் ஏமாற்றும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டு போனது. மதுரை நகரம் ஓரளவு தப்பியது. “பயமுறுத்துனாங்க, ஒண்ணும் ஆகலையே” என்று அதன்பிறகு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! நூலிழையில் தப்பியவர்கள் அதை எச்சரிக்கையாக எடுப்பதைவிட, ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதே அதிகம் என்று சூறாவளிகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. மாற்றுக் கேள்வி: “புயல் கொஞ்சம் தெற்கே திரும்பியிருந்தால் நம் தெருவில் என்ன ஆகியிருக்கும்?” இதை வீட்டில் ஒருமுறை சத்தமாகக் கேட்டுப் பாருங்கள்.

மதுரைக்கென்று இன்னொரு மயக்கம் உண்டு: “அணை இருக்குல்ல!” அணையும் கரையும் கட்டக் கட்ட, அவற்றை நம்பி ஜனங்கள் ஆற்றை ஒட்டி வீடு கட்டுவார்கள், கடைசியில் சேதம் கூடும் என்று கில்பர்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1940களிலேயே சொல்லிவிட்டார். நம் வைகை வேறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல், கருவேல மரம், கிரிக்கெட். ஆறு என்றே மனசில் பதியாது. அதோடு, அணைக்கும் ஊருக்கும் நடுவில் பெய்யும் மழையையும், ஊருக்குள்ளேயே பெய்யும் மழையையும் அணை எப்படிப் பிடிக்கும்? அந்த அக்டோபரில் எங்கள் வீட்டுக்குள் வந்தது அணைத் தண்ணீர் இல்லை, எங்கள் மாடியில் விழுந்த தண்ணீரும் பக்கத்து மாடிகளில் விழுந்ததும்தான். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர். தெருவில் ஐம்பது மாடி இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பயத்தைக் குறையுங்கள், வேலையைச் சின்னதாக்குங்கள்

சிவப்பு வரைபடம், கதறும் வீடியோ, ‘அதிகம் பகிரவும்’. பயமுறுத்தினால் ஜனங்கள் தயாராவார்கள் என்று நினைத்துத்தான் குடும்ப வாட்ஸப் குழுவில் இதையெல்லாம் போடுகிறோம். ரொனால்ட் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1975இல் முன்வைத்து, 1983இல் விரிவாக்கிய கொள்கை வேறு மாதிரி சொல்கிறது. ஆபத்து பெரியது என்று தெரிந்தால் மட்டும் போதாது. நான் செய்யப்போவது பலன் தரும், அது என்னால் முடியும் என்ற ரெண்டு நம்பிக்கையும் சேர வேண்டும். அவை இல்லாமல் பயம் மட்டும் ஏறினால் மனசு கதவைச் சாத்திக்கொள்ளும். “சும்மா பீதியைக் கிளப்பாதீங்கப்பா” என்று பெரியப்பா எரிந்து விழுவது அந்தக் கதவு சாத்தும் சத்தம்தான்.

ஆகவே, ‘பேரிடர் தயாரிப்பு’ என்று பெரிதாகப் பேசாமல் பதினைந்து நிமிஷ வேலையாக உடையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் பையில் ஆரம்பித்தோம். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த அதே மஞ்சப்பை.

முதல் நாள் பேப்பர்கள் மட்டும். பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், இன்சூரன்ஸ், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினோம். அசல்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை இன்னொரு கவரில் போட்டு, பையை பீரோவின் மேல்தட்டுக்கு ஏற்றினோம். பத்தே நிமிஷம். இரண்டாம் நாள் மாமியாரின் சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கும், டாக்டர் சீட்டின் நகலும். மூன்றாம் நாள் பணம். பத்து, ஐம்பது, நூறு என்று சில்லறையாக. டவர் போனால் ஜிபே வேலை செய்யாது. ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பால்காரரிடம் மீதி இருக்காது. நாலாம் நாள் டார்ச், பவர் பேங்க், விசில், தீப்பெட்டி.

தண்ணீர்க் கணக்கில் எல்லோரும் ஏமாறுவார்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும், குடிக்க இருக்காது. சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். அதாவது இருபது லிட்டர் கேன் ரெண்டு. மழைக்காலம் முடியும் வரை வீட்டில் எப்போதும் ரெண்டு கேன் உடைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. டார்ச் ஒன்று வாங்கியதும் மனசு ‘ஆச்சு, நாம ரெடி’ என்று திருப்தியாகிவிடும். ஒரு காரியம் செய்ததுமே கவலை இறங்கி, மீதிக் காரியங்கள் நின்றுபோகும் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். நானும் பேப்பரை ஏற்றிவிட்டு மூன்று வாரம் பையைத் தொடவில்லை. பட்டியலை பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி, முடிந்ததை அடித்துக்கொண்டே வருவது எனக்கு உதவியது. அடிக்காத வரி கண்ணை உறுத்தும்.

நான்காம் படி: ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று இப்போதே முடிவெடுங்கள்

இந்தப் படியைத்தான் நான் ரொம்ப நம்புகிறேன். மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

‘மழை வந்தா கவனமா இருக்கணும்’ என்பது ஆசை. ‘தண்ணீர் ரெண்டாவது படியைத் தொட்டால் மெயின் ஸ்விட்சை அணைப்பேன்’ என்பது முடிவு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த வித்தியாசத்தைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். எப்போது, எங்கே, என்ன என்று முன்கூட்டியே கட்டி வைத்தவர்கள், வெறுமனே எண்ணம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். காரணம் எளிது. கொட்டுகிற மழையில் யோசிக்க வேண்டியதில்லை. படி, தண்ணீர் என்று கண்ணில் பட்டதும் கை தானாகப் போகும். அன்று நானும் எதிர்வீட்டு அண்ணனும் சிரித்துக்கொண்டு நின்றது, எந்த மட்டத்தில் ஓட வேண்டும் என்று முன்பே முடிவு செய்யாததால்தான்.

எங்கள் காலண்டர் அட்டையின் பின்பக்கம் இப்போது எழுதியிருப்பது இது:

“ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால், அன்று ராத்திரியே வண்டி மெயின் ரோட்டு மேட்டுக்குப் போகும். அரிசி மூட்டையும் மிக்ஸியும் கட்டில் மேல் ஏறும்.

வாய்க்கால் பாலத்துக் கம்பியைத் தண்ணீர் தொட்டால், மாமியாரும் பிள்ளைகளும் மாடி வீட்டுக்குப் போவார்கள். கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

ரெண்டாவது படியைத் தொட்டால், கேஸ் ரெகுலேட்டரை மூடி, மெயின் ஸ்விட்சை அணைத்து, மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு நானும் போவேன். கை ஈரமாக இருந்தாலோ தண்ணீரில் நின்றாலோ ஸ்விட்சைத் தொட மாட்டேன்.”

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக. வானிலை ஆய்வு மையம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சொல்லும். ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. கனமழை என்பது ஒரு நாளில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர், மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதிகனமழை. ‘மிதமான மழை’ என்று கேட்டதும் அசந்துவிடவும் கூடாது. முழு நாள் பெய்ய வேண்டியது அரை மணியில் பெய்தால் வாய்க்காலுக்கு அது அதிகனமழைதான்.

வைகைக் கரையோரம் இருப்பவர்களுக்கு அளவுகோல் கையிலேயே இருக்கிறது. அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் அறிவிப்பார்கள். ‘68.5 என்று செய்தி வந்தால் ஆடுமாடு மேட்டுக்குப் போகும்’ என்று இப்போதே எழுதுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வரி: யானைக்கல் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், ஏ.வி. பாலம் சுற்றித்தான் போவேன். “தினமும் இதுலதானப்பா போறேன்” என்ற பழக்கம்தான் அங்கே எமன். முழங்காலுக்குக் கீழே வேகமாக ஓடும் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். ஓரடித் தண்ணீர் காரை நகர்த்தும்.

ஐந்தாம் படி: தெருவில் முதலில் நகரும் ஆள் யார் என்று தீர்மானியுங்கள்

1968இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற ரெண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அறையில் மாணவர்கள் உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது சுவர் வழியாகப் புகை வரும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். எது நடந்தாலும் அலட்டிக்கொள்ளக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவைத்த ரெண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்தவர்களில் பத்துக்கு ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் புகையைக் கையால் விசிறிக்கொண்டே எழுதினார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மூன்று வாசலும் ஞாபகம் வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து, ‘அவர் சும்மா இருக்கிறாரே, ஒன்றும் இருக்காது’ என்று மூன்று பேரும் சக்கரம் முழுகும் வரை நின்றிருக்கிறோம்.

இதன் மறுபக்கம் நல்ல செய்தி. ஒருவர் வண்டியை நகர்த்தினால் தெருவே நகர்த்தும். எங்கள் தெருவில் அந்த வேலையை எதிர்வீட்டு அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆரஞ்சு வந்தால் அவர் முதலில் தன் வண்டியை எடுப்பார், போகும்போது ஹாரன் அடித்துக்கொண்டே போவார். கேலி செய்யக் கூடாது என்பது ஒப்பந்தம். எச்சரிக்கை வந்ததும் உடனே ஓடாமல் பத்து பேரிடம் விசாரிப்பது மனுஷ இயல்பு. அதைத் தடுக்க முடியாது, விசாரிக்கிற நேரத்தைக் குறைக்கலாம். வாட்ஸப் குழுவில் ஒரு விதி வைத்தோம்: மழை நேரத்தில் தானே எடுத்த படம், இடம், மணி. இது மூன்றும் இல்லாத எதையும் போடக் கூடாது. ‘அணை ஒடஞ்சிருச்சாம்’ வகையறா அதோடு நின்றது.

ஜனங்கள் பதறி ஒருவரை ஒருவர் மிதிப்பார்கள் என்று பயந்து செய்தியை மறைக்கத் தேவையில்லை. ஆபத்து நேரத்தில் அப்படிக் கூட்டமாக நிலைகுலைவது அபூர்வம், பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் உதவத்தான் செய்கிறார்கள் என்று என்ரிகோ குவாரண்டெல்லி போன்ற சமூகவியலாளர்கள் பல பேரிடர்களைப் பார்த்து எழுதினார்கள். 1995இல் ஜப்பானின் கோபே நகரில் பூகம்பம் வந்தபோது இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

மதுரைக்காரனுக்கு இதைச் சொல்ல கோபேவரை போக வேண்டியதில்லை. வைகை பெருகியபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கினார். அடைபடாதது அந்த ஒரு பங்கு மட்டும்தான். ராஜா பிரம்பால் அடித்தான், அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்தது. கதையை பக்திக்காகக் கேட்டிருக்கிறோம். எனக்கு இப்போது வேறு ஒன்று படுகிறது: ஒரு கிழவியின் பங்கு அடைபடாவிட்டால் கரை மொத்தமும் கரைதானா?

எல்லாத் தெருவிலும் ஒரு வந்தி இருப்பார். எங்கள் தெருவில் கடைசி வீட்டு ஆத்தா. மூன்று ஆடு, ஓட்டு வீடு. போன மழையில் கூப்பிடப் போனேன்.

“மண்டபத்துக்குப் போயிருவோம் ஆத்தா, தண்ணி வருது.”

“நீ போப்பா. நான் எங்கிட்டு வர்றது? இதுகள யாரு பாப்பா?”

“ஆட்ட அப்பறம் பாத்துக்கலாம் ஆத்தா.”

“அப்பறமா? ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா அங்கன கதவு இருக்கா? அதச் சொல்லு மொதல்ல.”

பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அது கணக்கு. ஆடுதான் அவருக்கு பேங்க். கதவில்லாத கழிவறைக்கு நனைந்த வீடு மேல். வீட்டைவிட்டு வரமாட்டேன் என்பவர்களிடம் ஆபத்தை விளக்கிக்கொண்டிருக்காமல், “எதுக்காக வரமாட்டேங்கறீங்க?” என்று கேளுங்கள். ஆடு, நகை, திருட்டு பயம், கழிவறை, யாரோடு தங்குவது என்ற சங்கடம், இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மழைக்கு முன்னாலேயே அதற்கு வழி செய்யுங்கள். ஆத்தாவின் ஆடுகளுக்கு இப்போது மேட்டுத் தெருவில் ஒரு கார் செட் பேசி வைத்திருக்கிறோம். ஆத்தா தங்கப்போவது மாடி வீட்டில், தாழ்ப்பாள் உள்ள கழிவறை.

ஆறாம் படி: சாமியோடு சண்டை வேண்டாம், சாமி நாளைப் பயன்படுத்துங்கள்

“நடக்குறது நடக்கும், மீனாட்சி பாத்துக்குவா.” இந்த வாக்கியத்தை மூடநம்பிக்கை என்று எதிர்த்தால் வீட்டில் பேச்சு அதோடு முடிந்தது. பலர் அதைச் சொல்வது தங்களால் ஒன்றும் முடியாது என்று தோன்றும்போதுதான். கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்தால் மீனாட்சியையும் நம்புவார்கள், வேலையையும் செய்வார்கள். என் மாமியாரே சாட்சி. விபூதிப் பொட்டலத்தை மஞ்சப்பைக்குள் வைத்த நாளிலிருந்து பையை அவர்தான் காபந்து பண்ணுகிறார்.

தள்ளிப்போடுவதற்குப் பெரிய காரணம் நாள் இல்லாதது. ‘ஒருநாள் செய்யணும்’ என்பதற்குக் காலண்டரில் கட்டம் கிடையாது. நமக்கு மழை தருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதற்குச் சற்று முன்னால் ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழா வருகிறது. கரை அடைத்த நாளைவிட வாய்க்கால் பார்க்கப் பொருத்தமான நாள் ஏது? அன்று சாயந்தரம் தெருவாய்க்காலில் பாலித்தீன் அடைப்பு எங்கே என்று நடந்து பார்த்து, படம் எடுத்து, மாநகராட்சிக்குப் புகார் பதிவதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவி வண்டிக்குச் சந்தனம் வைக்கிறோம் இல்லையா, அன்றே ஸ்விட்ச் போர்டு, டார்ச் பேட்டரி, மாத்திரையின் காலாவதித் தேதி, சுவர்க்கோடு. தனியாக நாள் தேட வேண்டாம்.

ஏழாம் படி: எச்சரிக்கை பொய்த்த மறுநாள்

சிவப்பு என்றார்கள், வெயில் அடித்தது. இது நடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் லாபம். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை யாரும் அசைய மாட்டார்கள் என்பது நம் ‘புலி வருது’ கதை. அந்த நாளை வீணாகவிடாமல், ‘வண்டியை நகர்த்த எத்தனை நிமிஷம் ஆச்சு, எது மறந்துச்சு’ என்று பேசிவிட்டால் அதுவே ஒத்திகை. யாரையும் “உன்னாலதான் லீவு போட்டேன்” என்று குத்திக்காட்டாதீர்கள், முக்கியமாக ஹாரன் அடித்த அண்ணனை.

கதவுக்குப் பின்னால் ஒட்ட வேண்டிய எண்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112, கரண்டுக்கு மின்னகம் 94987 94987. போனில் சேமித்தால் போதாது. சார்ஜ் போனால் எண்ணும் போகும். பெரிய எழுத்தில், பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டி, பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லாம் தயார் என்று தோன்றும் நாளில் ஒருமுறை ஓடிப் பாருங்கள். போன ஆயுத பூஜை சாயந்தரம் நாங்கள் செய்தோம். “ரெண்டாவது படியத் தொட்டுருச்சு!” என்று நான் கத்த, எல்லோரும் மாடி வீட்டுக்குப் போக வேண்டும். பத்து நிமிஷம் என்று நினைத்திருந்தேன், நாற்பது ஆனது. மாமியார் செருப்பைத் தேடினார், சின்னவன் பூனையைத் தேடினான். அதைவிட, மஞ்சப்பை பத்திரமாக பீரோ மேல்தட்டில் இருந்தது, பீரோ பூட்டியிருந்தது, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அரை மணி கழித்து என் மனைவி சொன்னாள், “தொலையக்கூடாதுன்னு சாவிய நான்தான் மஞ்சப்பைக்குள்ள போட்டு வச்சேன், பீரோ தானாப் பூட்டிக்கிச்சு போல.”

பை இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.